ட்ரொம்சோ பனிக்காலத்தில் எங்களை நடமாட வைத்த ஸ்பார்க்

கடந்த நவம்பரில் என் கணவர் ஆலய வாசலுக்குப் பத்தடி முன்னால் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு கிழமை கட்டு. அவருக்கு 70 வயது, எனக்கு 66. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இரண்டு வருட ஊழியத்துக்கென்று ஒஸ்லோவிலிருந்து நோர்வேயின் வடக்கே உள்ள ட்ரொம்சோவுக்கு வந்திருக்கிறோம். சின்னச் சபை. ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். எல்லோரும் நோர்வேஜியர்கள், பாதிப்பேர் எங்களைவிட மூத்தவர்கள். வெளியே வர முடியாதவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பதுதான் பனிக்காலத்தில் எங்கள் முக்கிய வேலை. நாங்களும் விழுந்து படுத்தால் அவர்களிடம் யார் போவது? அதற்காகத்தான் ஸ்பார்க் வாங்கினோம். மூன்று மாதம் பாவித்த பிறகு இதை எழுதுகிறேன்.

ஸ்பார்க் என்பது இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும், அவற்றின்மேல் மரப்பலகையால் ஓர் இருக்கையும், பின்னால் கைபிடியும் உள்ள சறுக்கு வண்டி. ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றி, மற்றக் காலால் நிலத்தை உதைத்தால் ஓடும். அந்தச் சொல்லுக்கே உதை என்றுதான் பொருள். 1987இல் நோர்வேயின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நான் வேலை செய்த நாட்களில், வயதான பெண்கள் இதில் கடைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அப்போது ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை.

ட்ரொம்சோ இவ்வளவு வடக்கே இருந்தும், கடலில் வரும் வெந்நீரோட்டத்தால் குளிர் அவ்வளவு கடுமையில்லை. ஆனால் தொல்லையே அதில்தான் இருக்கிறது. பனி கொட்டும், இரண்டு நாளில் மழை பெய்து அதைக் கரைக்கும், இரவில் எல்லாம் உறைந்து தெரு கண்ணாடியாகிவிடும். அதோடு இருட்டு வேறு. நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி நடுப்பகுதிவரை அடிவானத்துக்கு மேல் வருவதில்லை. நடுப்பகலில் இரண்டு மூன்று மணிநேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் தெருவிளக்கும், கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் வாரங்களில் சன்னல்களில் தொங்கும் நட்சத்திரங்களும்தான் வழி காட்டும்.

மிஷன் சங்கங்கள் பழைய பொருள் கடை நடத்தி, வரும் பணத்தை ஊழியத்துக்குக் கொடுப்பது நோர்வேயில் வழக்கம். எங்கள் ஸ்பார்க்கும் அப்படியொரு கடையில் 400 குறோணருக்குக் கிடைத்தது. இருக்கையில் ஒரு பலகை மட்டும் வெடித்திருந்தது. அதை என் கணவர் ஒற்றைக் கையால் மாற்றினார்.

இறுகிய பனியில் இதைப்போல் ஒன்றில்லை. கைபிடியைப் பிடித்திருப்பதால் விழும் பயம் பாதி போய்விடுகிறது. மூட்டு வலியும் குறைவு. முன்பு நடந்து போய் ஒரு பிற்பகலில் இரண்டு வீடுதான் முடியும். இப்போது நான்கு. இருக்கையில் பாட்டுப் புத்தகம், கோப்பிக் குடுவை, வாஃபல் என்ற அப்பம் சுட, துவாயில் சுற்றிய இரும்பு அச்சு எல்லாம் ஏறிவிடும். தனியே இருப்பவரின் சமையலறையில் வாஃபல் சுட்டு, மேலே பழுப்புச் சீஸ் சீவி வைத்தால் பேச்சு தானாக வருகிறது. இந்த ஊர்ப் பேச்சு எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. நான் என்பதற்கு ஒஸ்லோவில் சொல்வது இங்கே செல்லாது. "ஏ"க்கும் "ஆ"வுக்கும் நடுவில் ஒற்றை ஒலியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அட்வென்ட் முதல் ஞாயிறைச் சொல்லியாக வேண்டும். சபையின் மூத்த சகோதரி, 88 வயது, ஒருகாலத்தில் தாதியாக இருந்தவர். அக்டோபருக்குப் பிறகு ஆலயத்துக்கு வரவில்லை. அன்று இருக்கையில் ஆட்டுத்தோல் விரித்து அவரை உட்காரவைத்து, போர்வையால் கால்வரை சுற்றினேன். கம்பளிக் கையுறைகளால் பலகையின் இரு ஓரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டார். இரும்பு பனியில் உரசும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. தபால்பெட்டியடியில் நான் வேகத்தைக் குறைத்ததும், திரும்பாமலே "இன்னும் உதை" என்றார். ஆலயத்துக்குள் ஒவ்வொருவரிடமும் கைகொடுத்து "தக் ஃபோர் சிஸ்த்" என்றார். போனமுறை சந்தித்ததற்கு நன்றி என்று பொருள். ஊதா மெழுகுதிரிகளில் முதலாவதை ஏற்ற அவரையே கூப்பிட்டார்கள்.

சரி, குறைகளையும் சொல்லவேண்டும். எங்கள் மாதிரியில் பிரேக் இல்லை, குதிகாலைத் தேய்த்துத்தான் நிறுத்தவேண்டும். ட்ரொம்சோ மேடும் பள்ளமுமான தீவு. செங்குத்தான இறக்கத்தில் நான் இறங்கிப் பிடித்துக்கொண்டே நடப்பேன். புதுப்பனியில் சட்டம் புதையும். இவற்றைவிட மோசம் பொடிக்கல். வழுக்காமல் இருக்க மாநகராட்சி பொடிக்கல் தூவிய இடத்தில் வண்டி சட்டென்று நின்றுவிடும், நம் உடம்போ முன்னே போகும். முதல் கிழமை அப்படி இரண்டுதரம் கைபிடியில் நெஞ்சு இடித்தது. ஆகவே இது எல்லா நாளுக்கும் உரியதல்ல. எங்கள் தெருவில் கிழமைக்கு மூன்று நாள் ஓடினால் நல்ல கிழமை.

உதைக்கும் காலுக்குப் புரொட் கட்டாயம் வேண்டும். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள் அது. முன்பாதத்தில் முள் இருப்பதை வாங்குங்கள், உதைப்பது அந்தப் பகுதிதான். வீட்டுக்குள் போகுமுன் கழற்றிவிடுங்கள். மரத்தரையில் கீறல் விழும். உடுப்பில் வெளிச்சத்தைத் திருப்பும் பட்டி இல்லாமல் இருட்டில் புறப்படவே வேண்டாம்.

ஜனவரி 21 இங்கே சூரியன் திரும்பி வருவதைக் கொண்டாடும் சூரிய நாள். அன்று பொரித்து உள்ளே ஜாம் வைத்த சூரிய பணிஸ் சாப்பிடுவார்கள். பேக்கரியில் இரண்டு பெட்டி வாங்கி இருக்கையில் கட்டிக்கொண்டு ஐந்து வீட்டுக்குப் போனோம். அப்போது கணவரின் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. திரும்பும் வழியில் அவர் உதைத்தார், நான் உட்கார்ந்து வந்தேன்.

பழையது வாங்குபவர்கள் பலகையைப் பார்த்து மயங்கவேண்டாம், பலகையை மாற்றலாம். வண்டியைக் கவிழ்த்துச் சட்டத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் மண்தாள் போதும். வளைந்திருந்தால் நேரே போகாது, விட்டுவிடுங்கள்.