ஏற்காட்டு ஜெப இல்லத்தில் இரண்டு இரவு

மார்ச் கடைசியில் நானும் என் மனைவியும் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் காபித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற ஒரு ஜெப இல்லத்தில் இரண்டு இரவு தங்கினோம். மொத்தமே ஆறு அறைதான். கூட்டம் சேர்ந்தால் அமைதி கெட்டுவிடும், பெயரை எங்கும் போட்டுவிடாதீர்கள் என்று பொறுப்பாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். அதனால் எழுதவில்லை. சேலத்தில் உங்கள் சபை ஆயரிடம் விசாரித்தால் வழி சொல்வார்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் சூரிய ஹீட்டரில் வருகிறது, காலையில் வெதுவெதுப்போடு சரி. கொடுக்கிற போர்வை ஏற்காட்டுக் குளிருக்குப் போதாது, வீட்டிலிருந்து ஒன்று கொண்டுபோங்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் மண் பாதை, ஆட்டோக்காரர் முணுமுணுத்துக்கொண்டுதான் வருவார்.

நாங்கள் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. போன அக்டோபரில் எங்களுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. பெயர் வைக்கவில்லை. அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், 'கர்த்தர் பெரியவர், அடுத்தது நல்லபடியாக வரும்' என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அவர் எவ்வளவு பெரியவர் என்று கேட்கக் கேட்க, எங்கள் துக்கம் அவர் கண்ணுக்கே படாத அளவு சின்னது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இந்த இல்லத்தில் எனக்கு முதலில் பிடித்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. காலை ஆறரைக்கு ஜெபம் உண்டு. வந்தால் வரலாம், வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சாப்பாடு எளிமை. முதல் நாள் மதியம் ராகிக் களியும் கீரையும். அண்ணன் வீட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவிக்கு இரண்டாவது உருண்டை வைத்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். காபி அவர்கள் தோட்டத்துக் கொட்டையை அவர்களே வறுத்து அரைத்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

நாங்கள் போவதற்குப் பத்து நாள் முன்பு அங்கே ஒரு மழை பெய்திருந்தது. காபிச் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போல மணந்தது. வெயில் காலம் முழுக்க மொட்டு அப்படியே உறங்கிக் கிடக்கும், ஒரு மழை விழுந்த பிறகுதான் விரியும், பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும் என்று அண்ணன் விளக்கினார். 'பழம் பழுக்க எட்டு ஒன்பது மாசம் ஆகும்' என்று அவர் சொன்னதும் என் மனைவி எழுந்து போய்விட்டாள். அவருக்குக் காரணம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு வெளி விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சி முனையில் நின்றால் கீழே சேலத்து வெளிச்சம்தான் கண்ணில் நிறையும். இந்த இல்லம் மலையின் மறுபக்கம் பார்த்து இருக்கிறது. அமாவாசைக்கு முந்தின இரவு வேறு. சேலத்தில் பிறந்து வளர்ந்த நான் அத்தனை நட்சத்திரங்களைப் பார்த்ததே இல்லை. நம் கண்ணுக்குத் தெரிவது சில ஆயிரம்தான், நாம் இருக்கிற பால்வீதியில் மட்டும் பத்தாயிரம் கோடிக்கு மேல் இருக்கின்றன என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

அறைக்குத் திரும்பியதும் டார்ச் வெளிச்சத்தில் 147ஆம் சங்கீதத்தை எடுத்தேன். 'அவர் நட்சத்திரங்களின் இலக்கத்தை எண்ணி, அவைகளுக்கெல்லாம் பேரிட்டு அழைக்கிறார்.' எனக்கு ஏற்கெனவே தெரிந்த வசனம். அதற்கு முந்தின வசனம் என்ன என்று அன்றுதான் கவனித்தேன்: 'இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்குகிறார், அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார்.' இரண்டும் அடுத்தடுத்த வரி.

நான் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டே திரும்ப வாங்குவார்கள். குண்டுமணி அளவு குறைந்தாலும் பட்டறையைப் பெருக்கி, தூசியைச் சலித்துத் தேடுவோம். தன் பொருள் என்றால் ஒரு துகளையும் விட மனது வராது. அத்தனை நட்சத்திரங்களையும் எண்ணிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் எங்கள் பிள்ளையை எண்ணாமல் விட்டிருப்பாரா? அவருடைய பெருமை எங்களைச் சின்னதாக்குகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவ்வளவு பெரியவராக இருப்பதால்தான் இத்தனை சின்னதும் அவர் கணக்கில் தப்பாமல் நிற்கிறது. இரண்டு வசனத்தையும் சத்தமாகப் படித்தேன். அவள், தான் மனதுக்குள் வைத்திருந்த பெயரை முதல்முறையாக எனக்குச் சொன்னாள். விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு பேருக்கு நாளொன்றுக்கு 1,400 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாட்டோடு. சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே விளையாட எதுவும் இல்லை. வானம் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், நிலா இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

கிளம்பும்போது என் மனைவி, வருகிற அக்டோபரில் ஒரு நாளுக்கு அதே அறையைக் கேட்டாள். 'அப்ப மழையா இருக்கும்மா, ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது' என்றார் அண்ணன்.

'பரவாயில்லைண்ணா, எங்களுக்கு அந்தத் தேதிதான் வேணும்' என்றாள்.