முதல் தோட்டத்துக்கு வெண்டையா, தக்காளியா?

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தக்காளியில்தான் கை வைக்கிறார்கள். விதை சுலபமாக முளைத்துவிடும், செடியும் கிடுகிடுவென்று வளரும். சிக்கல் ஆரம்பிப்பது பூ விட்ட பிறகு. வெயில் காலமாக இருந்தால் முதல் போகத்துக்கு வெண்டைதான் நம்பகமானது.

வெண்டை விதையை இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் நேரடியாக ஊன்றினால் 45 முதல் 50 நாளில் முதல் பறிப்பு. ஆணிவேர்ப் பயிர் என்பதால் பிடுங்கி நட்டால் சுணங்கிவிடும். தக்காளிக்கு நாற்று 25, 30 நாள். நட்ட பிறகு பழம் பார்க்க இன்னும் 60 முதல் 75 நாள். ஆக, மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

விளைச்சலின் எடையைப் பார்த்தால் தக்காளி முந்தும். நன்றாக அமைந்த ஒரு செடியே இரண்டு மூன்று கிலோ தரும். வெண்டையில் ஒரு செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் கொடுத்தாலே அதிகம். நான்கு செடி வைத்துவிட்டு, ஒரு வேளைச் சமையலுக்குக்கூடக் காணவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. ஒரு அடி இடைவெளியில் பத்துப் பன்னிரண்டு செடியாவது வேண்டும்.

பறிப்பில்தான் வெண்டை கறாரானது. பூ காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் வாடும். அங்கிருந்து ஐந்தாறு நாளில் காய் தயார். நுனியை ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்தால் நார் விழுந்துவிட்டது என்று பொருள். அப்படி முற்றியதைச் செடியிலேயே விட்டுவைத்தால் சத்தெல்லாம் விதைக்குப் போய், அடுத்த பூக்கள் குறையும். சாப்பிட முடியாவிட்டாலும் வெட்டி எறியுங்கள். தக்காளி இந்த விஷயத்தில் தாராளம்: நிறம் திரும்பியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தாலே பழுக்கும்.

ஆனால் அந்த நிலைக்கு வர வேண்டுமே! பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரவும் சூடாக இருந்தால் பூ பிடிக்காமல் உதிரும். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலை மட்டும் செழிக்கும். காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்தால் முட்டை ஓட்டைப் போடச் சொல்வார்கள். அது மட்கிக் கால்சியம் தருவதற்குள் போகமே முடிந்துவிடும். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது காய்க்குப் போய்ச் சேருவதில்லை. சீரான தண்ணீரும், மண்மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்பிய இரண்டு அங்குல மூடாக்கும் போதும். பழம் வெடிப்பதும் இதோடு பெருமளவு குறையும்.

வெண்டையின் பெரிய எதிரி மஞ்சள் நரம்பு நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் இது, மருந்து கிடையாது. இலை நரம்புகள் வலைபோல மஞ்சளானால் அந்தச் செடியை உடனே பிடுங்கிவிடுங்கள். எதிர்ப்புத்திறன் உள்ள ரக விதையாக வாங்குவது நல்லது.

குளிர்ந்த பருவத்தில் கணக்கு தலைகீழ். மண் 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெண்டை விதை முளைக்காமலே அழுகலாம். அப்போது தக்காளியே மேல்.

வெயில் காலத்தில் பன்னிரண்டு செடி வளர்ப்புப் பைக்கு இடமிருந்தால் பத்தில் வெண்டை, இரண்டில் தக்காளி. தக்காளி நாற்றை நடும் அன்றைக்கே தாங்கு குச்சியையும் ஊன்றுங்கள். செடி சாய்ந்த பிறகு ஊன்றினால் வேர் அறுபடும்.