முழங்கை முறிவு: கட்டைப் பிரித்ததும் கையை முறுக்க விடாதீர்கள்

வீட்டில் யாராவது முழங்கை முறிந்து மாவுக்கட்டோடு இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

அம்மா வாசலில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். முழங்கைக்குள் ஆரை எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பு) தலையில் விரிசல். துண்டு விலகவில்லை. பக்கத்து கிளினிக்கில் மேல்கையிலிருந்து கட்டுப் போட்டு, "ஆறு வாரம் அசைக்கவே கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விலகாத இந்த முறிவுக்கு வலி அடங்கும்வரை சில நாள் கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கவிட்டாலே போதும். அப்புறம் மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். பெரியவர்களின் முழங்கை வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் இறுகிவிடும்.

அப்படித்தான் இறுகியது. அன்றாட வேலைக்கு முழங்கை 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிவரை மடங்க வேண்டும் (கை நேராக நீண்டிருந்தால் 0). அம்மாவுக்கு 90-ஐத் தாண்டவில்லை. டம்ளர் வாய்க்கு எட்டவில்லை, தலை பின்ன முடியவில்லை.

அதற்கும் அதே கிளினிக் 'பிசியோ பேக்கேஜ்' என்று முன்பணம் வாங்கிக்கொண்டது. வந்தவர் பிசியோதெரபி படித்தவரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சூடான எண்ணெய் தேய்த்து, மேல்கையைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்கையை அமுக்குவார். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுவார். "வலிச்சாத்தான்மா வழிக்கு வரும்" என்பார் அவர். ராத்திரி மூட்டு வீங்கிக் கொதிக்கும். மறுநாளும் அதே அமுக்கல்தான்.

கடைசியில் அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். மூட்டுக்கு முன்னால், தசைக்குள், பஞ்சுபோல வெள்ளையாக ஒரு படலம். புதிதாக வளரும் எலும்பு! அடிபட்ட முழங்கையைத் தேய்த்து, பலவந்தமாக மடக்கினால் இப்படி வளரும் அபாயம் உண்டாம். தேய்ப்பதை அன்றே நிறுத்தச் சொன்னார். இப்போது அம்மா தானாகவே, தாங்கும் அளவுக்கு, நாளில் பலமுறை மடக்கி நீட்டுகிறார். அந்த எலும்பு முதிர்ந்த பிறகுதான் அறுவை சிகிச்சை தேவையா என்று பார்ப்பார்களாம்.

கட்டுப் போடும் அன்றே "எப்போதிலிருந்து அசைக்கலாம்?" என்று கேளுங்கள். விலகிய முறிவுக்குக் கம்பியோ பிளேட்டோ வைப்பதில் பாதிக் காரணமே சீக்கிரம் அசைக்கத்தான். சுண்டுவிரல் மரத்துப்போனால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பிசியோ என்று வருபவரிடம் படிப்பைக் கேளுங்கள், மொத்தப் பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள். நாங்கள் கட்டிய பணத்துக்கு இன்றுவரை ரசீதுகூடத் தரவில்லை. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.