ஃப்ளாப்பி டிரைவை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கொஞ்சம் உஷார்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் பழைய கம்ப்யூட்டரை இன்னும் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில், அந்தக் காலத்துச் சதுரமான ஃப்ளாப்பி டிஸ்க்கைப் படிக்கும் டிரைவைக் கொடுத்துவிட்டு, பணமும் போய் டிஸ்க்கும் போய் வந்திருக்கிறோம். கடைப் பெயர் வேண்டாம். அவர்கள் செய்த வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் தப்பிக்கலாம்.

வாப்பா கீழக்கரையில் டிடிபி சென்டர் (கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் கடை) நடத்தியவர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து, 3.5 அங்குல ஃப்ளாப்பியில் போட்டு அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவார். எல்லாம் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. இன்றைய லேப்டாப்பில் திறந்தால் கந்தரகோலமாக வரும். விண்டோஸ் 95 ஓடும் அந்தப் பெட்டியை எடைக்குப் போடாமல் வைத்திருப்பது அதனால்தான். பள்ளியில் பழைய மலர் ஒன்றைத் திரும்பக் கேட்டார்கள். டிஸ்க்கைப் போட்டால் டிரைவ் கரகரவென்று இழுத்துவிட்டு எதையும் படிக்க மாட்டேன் என்றது.

கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஹெட் போயிருச்சு பாய், புது ஹெட் போடணும்" என்றார். டிஸ்க்கைத் தொட்டுப் படிப்பதும் எழுதுவதும் அந்த ஹெட்தான். 2,800 ரூபாய்.

வாங்கப் போன அன்று என் கண் முன்னாலேயே ஒரு வெற்று ஃப்ளாப்பியைச் செருகி ஃபார்மேட் செய்தார். ஒரு படத்தை அதில் ஏற்றி, வெளியே எடுத்து, மறுபடி போட்டுத் திறந்தும் காட்டினார். அப்புறம் வாப்பாவின் டிஸ்க்கைப் போட்டார். ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. "இருங்க, இருங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மடமடவென்று என்டரைத் தட்டிவிட்டார். மலரில் பாதி அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. "உங்க டிஸ்க்குதான் பாய் கெட்டது. டிரைவ் எப்படி ஜம்முனு ஓடுது பாருங்க!"

ஏமாற்று வேலையே இங்கேதான். டிஸ்க்கில் தகவல் வட்ட வட்டமான தடங்களில்தான் பதிவாகும்; 1.44 எம்பி டிஸ்க்கில் ஒரு பக்கத்துக்கு 80 தடங்கள். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 0.19 மில்லிமீட்டர்கூட வராது. ஹெட்டைத் தடம் தடமாக நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். அதன் திருகைத் தளர்த்தி மோட்டார் ஒரு இழை நகர்ந்தாலும் ஹெட் தடத்தை விட்டு விலகிவிடும். அப்படிப்பட்ட டிரைவ், தான் எழுதியதைத் தானே அழகாகப் படிக்கும். எழுதும்போதும் படிக்கும்போதும் ஹெட் ஒரே அளவுக்கு விலகியிருக்கிறதல்லவா? வேறு டிரைவில் எழுதிய டிஸ்க்தான் படிக்காது. ஆகவே கடையிலேயே ஃபார்மேட் செய்த டிஸ்க்கை வைத்துக் காட்டும் சோதனைக்கு நயாபைசா மதிப்பு கிடையாது. வேறு மெஷினில் எழுதிய, நன்றாகப் படிக்கும் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வைத்துவிட்டால் யாரும் அதன் மேல் எழுத முடியாது. நாங்கள் கொடுத்த டிஸ்க்கில் அந்தத் தாழ்ப்பாள் உடைந்து எப்போதோ விழுந்து, ஓட்டையில் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது; அதனால்தான் அவரால் அதன் மேல் எழுத முடிந்தது.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். மோட்டார் திருகு அசையாமல் இருக்கக் கம்பெனியிலேயே வைக்கும் பெயின்ட் சொட்டு பிளந்திருந்தது. திருகுத் தலையில் புதுக் கீறல். உள்ளே எல்லாம் துரு எடுக்கும் ஸ்ப்ரே மழை. ஹெட்டின் மேலேயே எண்ணெய் பளபளத்தது. ஹெட்டிலிருந்து வரும் பட்டை வயர் செருகியிருக்கும் இடத்தில் மட்டும் பல வருடத் தூசி கலையாமல் அப்படியே இருந்தது. அதைக் கழற்றாமல் எந்த ஹெட்டை மாற்றினார்களோ! உண்மையாகவே ஹெட் மாற்றுவதென்றால், ஹெட் தடத்தின் மேல் சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் டிஸ்க்கும், சிக்னலைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பும் வேண்டும். அந்தக் கடையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தது.

உண்மையான கோளாறு பூஞ்சை. டிஸ்க்கின் தகட்டை ஒதுக்கி, பின்பக்க வட்டத்தை விரலால் மெதுவாகச் சுற்றினால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரியும். கதவு, கிரில், மின்விசிறி எதையும் விடாத நம் கடற்கரை ஈரம் டிஸ்க்கை மட்டும் விட்டுவைக்குமா? அந்த அழுக்கு ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் சுரண்டிவிடும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்தால் போதும். எனக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. மேல் ஹெட் மெல்லிய ஸ்பிரிங்கில் நிற்கிறது, அதை ரொம்பத் தூக்கினால் வளைந்துவிடும், ஜாக்கிரதை. ஹெட் ஓடும் கம்பியில் பழைய பிசின் இறுகியிருந்தால் துடைத்துவிட்டுத் துளி கிரீஸ். ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, "ஹெட் மாத்துனேன்னு நான் எழுதிக் குடுத்தேனா?" என்றார். பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று மட்டும்தான் இருந்தது. எனவே என்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய இரும்புக் கடையில் 200 ரூபாய்க்கு வேறு டிரைவ் கிடைத்தது. டிஸ்க்குக்கு டிஸ்க் ஹெட்டைத் துடைத்துத்தான் போட்டேன்; பெரும்பாலானவை படித்துவிட்டன. வளையமாகக் கீறல் விழுந்தவற்றில் காந்தப் பூச்சே இல்லை, அவற்றை யார் மீட்டுத் தருகிறேன் என்று வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று: கம்ப்யூட்டரைப் போட்டதிலிருந்து டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்தால் பெரும்பாலும் பட்டை கேபிளைத் தலைகீழாக மாட்டியிருப்பீர்கள். திருப்பி மாட்டிப் பாருங்கள். கடைக்குக் கொண்டு போனால் அதற்கும் ஹெட் போயிருச்சு என்பார்கள்.