இத்தாலியில் வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனிக்க: உண்மையான பில் ஊர் திரும்பிய பிறகுதான் வரும்

இத்தாலியைக் குடும்பத்தோடு காரில் சுற்றிவிட்டு வந்தவர்களின் கிரெடிட் கார்டில், சில வாரமோ சில மாதமோ கழித்து 40, 50 யூரோ என்று ஒரு தொகையை வாடகைக் கார் நிறுவனம் எடுத்திருக்கும். சிலருக்கு அதே தொகை மூன்று தடவை. அபராதம் கழிந்தது என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அது அபராதமே இல்லை. போக்குவரத்து விதியை மீறியது யார் என்று போலீஸ் கேட்டபோது உங்கள் பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுத்ததற்கு நிறுவனம் வாங்கும் கூலி. அபராதம் தனியாக, பின்னால், தபாலில் வரும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பச் சட்டமே 360 நாள் அவகாசம் தருகிறது.

இந்தக் கூலி ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கூடுதல் காப்பீட்டை எடுக்கச் சொல்லி ஓயாமல் பேசும் கவுன்ட்டரில், இசட்.டி.எல். என்ற மூன்று எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இது பெரிய அநியாயம். அவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

இசட்.டி.எல். என்பது பழைய நகரின் நடுப்பகுதியில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையக்கூடிய இடம். ரோம், ஃப்ளோரன்ஸ், பீசா, சியேனா, போலோஞா என்று சுற்றுலாப் பயணிகள் போகும் ஊர்களில் எல்லாம் உண்டு. தடுப்புக் கட்டை கிடையாது, போலீஸ்காரர் நிற்க மாட்டார். கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும், அவ்வளவுதான். சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை, அதன் பக்கத்தில் பல இடங்களில் ஒரு மின் பலகை. அதில் 'வார்கோ அத்தீவோ' என்று எழுத்து ஓடும். 'அத்தீவோ' என்றால் வழி திறந்திருக்கிறது என்று நினைத்துப் பலர் காரை உள்ளே விடுகிறார்கள். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்று அர்த்தம். 'நோன் அத்தீவோ' என்று இருந்தால்தான் போகலாம். புதிய பலகைகளில் 'இசட்.டி.எல். அத்தீவா' என்று இருக்கும், பொருள் அதேதான்.

விடுதியைத் தேடி ஒரே தெருவைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் ஒன்றுக்கு மேற்பட்ட அபராதம் வரலாம், அதோடு ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. ஒரு அபராதம் 83 யூரோ, தபால் செலவு தனி. நோட்டீஸ் கைக்கு வந்த 5 நாளில் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. 60 நாள் தாண்டினால் இரட்டிப்பாகும். நிறுவனம் எடுத்த கூலியோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் இழப்பது இந்தத் தள்ளுபடியைத்தான்.

கூகுள் மேப்ஸை நம்பி இந்தப் பகுதிக்குள் போகாதீர்கள். விடுதி உள்ளே இருந்தால், முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: "எங்கள் கார் எண்ணை நகராட்சியில் பதிவு செய்வீர்களா?" எல்லா விடுதிக்கும் அந்த உரிமை இல்லை. கார் கைக்கு வந்ததும் எண்ணை அனுப்பி, பதிவு செய்துவிட்டோம் என்ற பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கி, ஒன்றரை வருடமாவது வைத்திருங்கள். வாய்ப்பேச்சு உதவாது. இதைவிட நிம்மதி, காரை வெளியே விடுவது. ஃப்ளோரன்ஸுக்கு ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையும் வில்லா கோஸ்தான்ஸா பார்க்கிங் இருக்கிறது. அங்கிருந்து டி1 டிராம் ஊருக்குள் கொண்டுவிடும்.

சுங்கச்சாவடியில் மின்னணுக் கருவி வைத்த கார்களுக்கான மஞ்சள் டெலிபாஸ் வரிசைக்குள் போய்விட்டால் பின்னால் எடுக்காதீர்கள், அது ஆபத்து, பெரிய குற்றமும்கூட. உதவிப் பொத்தானை அழுத்துங்கள். பணம் கட்டாததற்கு ஒரு சீட்டு வரும். 15 நாளில் ஆன்லைனில் கட்டினால் சுங்கத் தொகை மட்டும்தான். மிலான் பக்கத்து ஏ36 சாலையில் சாவடியே கிடையாது. நாமே நினைவு வைத்து 15 நாளில் கட்ட வேண்டும். மறந்தால் இதற்கும் அதே கூலி வரும்.

காரை எடுக்கும்போது நான்கு சக்கரத்தின் ரிம், முன் கண்ணாடி, பம்பரின் அடிப்பக்கம் மூன்றையும் வீடியோ எடுங்கள். கீறல் என்று பிறகு பில் போடுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய கீறல் ஒப்பந்தப் படத்தில் குறிக்கப்படாவிட்டால், குறிக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அலுவலகம் மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், மறுநாள் அவர்கள் பார்க்கும்வரை பொறுப்பு உங்களுடையது என்றே பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. திருப்பும்போதும் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிய ஒரு படம் எடுங்கள்.

நோட்டீஸ் வந்தால் முதலில் நம்பர் பிளேட்டை வாடகை ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். தேதி, மணி, எந்த நுழைவாயில் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த நேரத்தில் கார் உங்களிடம் இல்லையென்றாலோ விடுதியின் பதிவு மின்னஞ்சல் இருந்தாலோ, கட்டுவதற்கு முன்பே ஆதாரத்தோடு மேல்முறையீடு செய்யுங்கள். கட்டிவிட்டால் அந்த உரிமை போய்விடும்.