கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

சென்னையில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளின் நீர் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலந்தே குழாயில் விடப்படுகிறது; வீட்டுக் குழாயை அடையும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500. பெரும்பாலும் அந்த நீர் கெடுவது வழியில்தான்: கழிவுநீர்க் குழாயை ஒட்டிச் செல்லும் பழைய குழாயின் விரிசலிலும், ஆண்டுக்கணக்கில் கழுவாத வீட்டுத் தொட்டியிலும். (நம் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது?) கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், உப்பு குறையாது.

20 லிட்டர் கேனில் வருவது பெரும்பாலும் ஆர்.ஓ. முறையில், அதாவது நுண்ணிய சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தி, வடிகட்டிய நிலத்தடி நீர். உவர்ப்பு நீங்கும்போது கால்சியமும் மெக்னீசியமும் பெருமளவு போய்விடுகின்றன, எடுத்த நீரில் ஒரு பகுதியும் கழிவாகிறது. வெயிலில் நிற்கும் கேனில் பாசி பிடிக்கும்.

ஏரிநீர் குழாயில் வரும் வீட்டில் அதைக் காய்ச்சிக் குடிப்பதே என் தேர்வு. உவர்ந்த ஆழ்துளைக் கிணறு மட்டுமே உள்ள இடத்தில் கேனே மேல்.