என்பிஏ மேக்ஸ் ஒப்பந்தம்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஓர் அணி வாங்கக்கூடியதிலேயே விலை கூடிய சரக்கு மேக்ஸ் ஒப்பந்தம், அதாவது ஒரு ஆட்டக்காரருக்கு விதி அனுமதிக்கிற உச்சச் சம்பளம். லீகின் முதல் ஏழெட்டு ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு அதைக் கொடுத்தால் அது கொள்ளை மலிவு. இருபதாவது இடத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் அந்த அணி தலைதூக்க நாலைந்து வருடம் ஆகும். ஆனால் இரண்டு பேருக்கும் காகிதத்தில் எழுதியிருக்கும் தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். "பந்தைத் தூக்கிப் போடுவதற்கு இவ்வளவு சம்பளமா" என்று கோபப்படுகிறவர்களும் சரி, "மார்க்கெட் விலை அதுதான்" என்று வாயடைக்கிறவர்களும் சரி, இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி கோபம் குறைந்துவிடும். 2025-26 சீசனில் தொடங்கிய டிவி ஒப்பந்தம் மட்டும் 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7,600 கோடி டாலர். லீகின் வருமானத்தில் 49 முதல் 51 சதவீதம் வரை ஆட்டக்காரர்களுக்குப் போக வேண்டும் என்று வீரர்கள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் சொல்கிறது. அந்த வருமானத்திலிருந்துதான் சாலரி கேப் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு, சில விதிவிலக்குகளில் தாண்டலாம்) கணக்கிடப்படுகிறது, ஒவ்வொரு அணியும் கேப்பில் 90 சதவீதமாவது சம்பளமாகச் செலவழித்தே ஆக வேண்டும். ஆக, ஒரு நட்சத்திரம் பெருந்தன்மையாகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் டிக்கெட் விலை குறையாது, எந்த ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் அந்தக் காசு போய்ச் சேராது. ஒன்று இன்னொரு ஆட்டக்காரருக்குப் போகும், இல்லையென்றால் முதலாளியிடமே தங்கும். பாஸ்டன் செல்டிக்ஸை 2002இல் 36 கோடி டாலருக்கு வாங்கியவர்கள் 2025இல் அதை 610 கோடி டாலர் மதிப்பில் விற்றார்கள். அதைப் பற்றி யாரும் "இவ்வளவா" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

உண்மையிலேயே குறைவாகச் சம்பளம் வாங்கியவர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பெண்கள் லீகைப் பேசலாம். 2024இல் கெய்ட்லின் கிளார்க் டபிள்யூஎன்பிஏவுக்குள் வந்து டிவி பார்வையாளர் கணக்கையே புரட்டிப் போட்டார், அந்த வருடம் லீக் அவருக்குக் கொடுத்த சம்பளம் 76,535 டாலர். அநியாயம் என்றால் அது.

சரி, மேக்ஸுக்கு வருவோம். 1997-98 சீசனில் மைக்கேல் ஜோர்டன் வாங்கியது 3.31 கோடி டாலர். அந்த வருடம் ஒரு முழு அணிக்கான சாலரி கேப்பே 2.69 கோடிதான். ஒருவருடைய சம்பளம் மொத்த கேப்பையும் தாண்டியது, அப்படியும் அந்த வருடம் சிகாகோதான் சாம்பியன். அடுத்த சீசன், சம்பளத் தகராறில் முதலாளிகள் ஆட்டத்தை நிறுத்திய லாக்அவுட்டில் பாதி கரைந்து, 1999இல் வந்த ஒப்பந்தத்தில் தனிநபர் உச்சவரம்பு வந்தது. இன்றைய விதிப்படி ஆறு வருடம் வரை ஆடியவருக்குக் கேப்பில் 25 சதவீதம், ஏழு முதல் ஒன்பது வருடம் என்றால் 30, பத்துக்கு மேல் 35. எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது), ஆல்-என்பிஏ (சீசனின் சிறந்தவர்கள் பட்டியலில் இடம்) போன்ற தகுதிகள் இருந்தால் 35 சதவீதத்தை முன்கூட்டியே வாங்கலாம், 2017இல் வந்த சூப்பர்மேக்ஸ் என்பது அதுதான். 2025-26 கேப் 15.46 கோடி டாலர். ஜோர்டனுக்குக் கிடைத்த அதே விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 19 கோடி வருகிறது. அந்த 2025-26 சீசனில் கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டெஃபன் கர்ரிக்குச் சம்பளம் 6 கோடிக்கும் சற்றுக் குறைவு.

கர்ரிக்கு அது தகுமா என்று புள்ளிக் கணக்கை வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். அவர் நடுக்கோட்டைத் தாண்டிப் பந்தோடு வருகிறார், சக ஆட்டக்காரர் டிரேமண்ட் கிரீன் வந்து ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது தடுப்பவரின் வழியில் குறுக்கே நிற்கிறார், மூன்று புள்ளிக் கோடு இன்னும் சில அடி தள்ளி இருக்கும்போதே தடுக்கிற இரண்டு பேரும் கர்ரி மேலேயே பாய்கிறார்கள். பந்து கிரீனிடம் போகிறது. இப்போது நாலு பேர் வருகிறார்கள், தடுக்க மூன்று பேர்தான் இருக்கிறார்கள். கிரீன் மூலையில் நிற்பவருக்குத் தட்டிவிடுகிறார், அவர் ஆளில்லாமல் நின்று மூன்று புள்ளி போடுகிறார். புள்ளி மூலையில் நின்றவர் பெயரில், அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுத்த பாஸ்) கிரீன் பெயரில், கர்ரி பெயரில் அந்தப் புள்ளிவிவரத் தாளில் ஒன்றுமே இல்லை. ஒரு ஆட்டத்தில் இது எத்தனை தடவை நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தால்தான் அவர் சம்பளம் ஏன் குறைவு என்று புரியும்.

அதிலும் 2012இல் கணுக்கால் காயத்தோடு இருந்தபோது அவர் போட்ட ஒப்பந்தம் நாலு வருடத்துக்கு வெறும் 4.4 கோடி டாலர். அந்த நாலு வருடத்தில் இரண்டு எம்விபி, இரண்டு பட்டம், 73 வெற்றி பெற்ற ஒரு சீசன். அப்புறம் 2016இல் கேப் ஒரே தாவலில் 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்கு ஏறியபோது, கர்ரியின் சம்பளம் குறைவாக இருந்ததால்தான் கெவின் டியூரண்டையும் உள்ளே கொண்டுவர முடிந்தது. நிகோலா யோகிச்சும் இதே ரகம். 2014 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள்) 41ஆவதாக எடுக்கப்பட்டவர், 2018இல் 5 வருடத்துக்கு ஏறத்தாழ 14.8 கோடிக்கு ஒப்பந்தம், அதற்குள்ளேயே டென்வருக்கு இரண்டு எம்விபி, 2023 பட்டம். இதைவிட நல்ல கொள்முதலை எந்த அணி செய்திருக்கிறது?

உச்சியில் இருப்பவர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிளீவ்லாந்து ஒன்றே போதும். 2009-10இல் 61 வெற்றி. லெப்ரான் ஜேம்ஸ் மயாமிக்குப் போனார், அடுத்த சீசனில் 19 வெற்றி, நடுவில் தொடர்ச்சியாக 26 தோல்வி. பயிற்சியாளரும் வேறு சிலரும் அதே கோடையில் போனார்கள்தான், அதையும் சேர்த்தே சொல்கிறேன், இருந்தாலும் 42 வெற்றி காணாமல் போனதில் பெரும்பங்கு யாருடையது என்பதில் சந்தேகம் வேண்டாம். ஐந்து பேர் மட்டும் களத்தில் நிற்கிற ஆட்டம் இது, ஒரே ஆள் 48 நிமிடத்தில் 38 நிமிடம் நிற்க முடியும், ஒவ்வொரு முறையும் பந்தை அவர் கையிலேயே கொடுக்க முடியும். வேறு எந்தக் குழு விளையாட்டிலும் தனி ஒருவரால் இந்த அளவுக்கு முடிவை மாற்ற முடியாது என்பது என் கருத்து.

ஆனால் இதே காசு தவறான ஆளிடம் போகும்போது நடப்பது கொடுமை. ஜான் வால் 2017இல் வாஷிங்டனோடு நாலு வருடத்துக்கு 17.1 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். அது 2019-20இல்தான் தொடங்க வேண்டும், 2019 தொடக்கத்திலேயே அக்கிலிஸ் தசைநார் அறுந்துவிட்டது. முதல் சீசன் முழுக்க ஆடவில்லை. ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்ட பிறகு இன்னொரு சீசனும் முழுக்க ஆடவில்லை. அந்த இரண்டு சீசனுக்கும் சம்பளம் முழுசாக வந்தது, ஏனென்றால் இந்த ஒப்பந்தங்கள் கேரண்டி. வால் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது, அவர் வேகம் ஒரு காலத்தில் பார்க்கவே ஆனந்தம். வாங்கியவர்கள்தான், வேகத்தை நம்பியே ஆடுகிற ஒருவருடைய முப்பது வயதுக்கு உச்ச விலை கொடுத்தார்கள்.

பிராட்லி பீல் கதை இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே கண்முன்னால் தெரிந்தே செய்தார்கள். 2022இல் வாஷிங்டன் 5 வருடத்துக்கு 25.1 கோடி கொடுத்தது, போதாக்குறைக்கு அவர் சம்மதம் இல்லாமல் அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது என்ற உரிமையையும் கொடுத்தது. அடுத்த வருடமே அவர் ஃபீனிக்ஸுக்குப் போனார். அங்கே டியூரண்ட், டெவின் புக்கர், பீல் என்று மூன்று பெரும் சம்பளம். 2024இல் பட்டத்துக்கான பிளேஆஃபின் முதல் சுற்றில் மின்னசோட்டாவிடம் 4-0 தோல்வி, 2024-25இல் 36 வெற்றியோடு பிளேஆஃபுக்கே வரவில்லை. 2025 கோடையில் கணக்கை முடித்து அனுப்பினார்கள், ஆனாலும் அவர் அங்கே ஆடாத ஐந்து வருடங்களுக்கு அவர் பெயரில் ஆண்டுக்கு 1.9 கோடி அளவில் அணியின் கேப் கணக்கில் உட்கார்ந்திருக்கும். பீல் நல்ல ஸ்கோரர். அணியின் இரண்டாவது, மூன்றாவது ஆளாக அவரை வைத்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? முதல் ஆளின் விலையில் வாங்கியதுதான் பிழை.

2016 கோடையைச் சொல்லாமல் விட முடியாது. கேப் திடீரென்று ஏறியதும் எல்லா அணியிடமும் காசு, வாங்க ஆள் இல்லை. லேக்கர்ஸ் டிமோஃபி மொஸ்கோவுக்கு 6.4 கோடி, லுவோல் டெங்குக்கு 7.2 கோடி கொடுத்தார்கள். டெங் இரண்டாவது சீசனில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். மொஸ்கோவை இன்னொரு அணி தலையில் கட்டுவதற்காக 2015 டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த டி'ஆஞ்செலோ ரஸ்ஸலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மேக்ஸ்கூட இல்லாத ஒப்பந்தங்கள் இவை, ஆனால் சேதம் எப்படி வருகிறது என்று இதைவிடத் தெளிவாக எங்கும் பார்க்க முடியாது.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், நேற்று ஆடிய ஆட்டத்துக்கு நாளைய சம்பளம் கொடுப்பதில். சூப்பர்மேக்ஸ் தகுதி கடந்த சீசன்களின் விருதுகளை வைத்து வருகிறது, பணமோ அடுத்த ஐந்து வருடத்துக்கு, வருடா வருடம் 8 சதவீதம் வரை ஏறிக்கொண்டே போகும். இவரை விட்டால் வேறு யாரும் இந்த ஊருக்கு வரமாட்டார்கள் என்ற பயம் வேறு. ஃபிலடெல்ஃபியா 2024இல் ஜோயல் எம்பீடுக்கு 3 வருட நீட்டிப்பாக 19.3 கோடியும், பால் ஜார்ஜுக்கு 4 வருடத்துக்கு 21.2 கோடியும் எழுதிக்கொடுத்தது. அந்த சீசனில் எம்பீட் 19 ஆட்டம், ஜார்ஜ் 41 ஆட்டம், அணிக்கு 24 வெற்றி. எம்பீட் உடம்பு சரியாக இருந்து ஆடும்போது லீகிலேயே அவரைத் தடுக்க ஆளில்லை, அவர் முழங்கால் கதையும் அந்தக் கையெழுத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்.

2023இல் வந்த செகண்ட் ஏப்ரன் (கேப்புக்கு மேலே இன்னும் உயரத்தில் போட்ட சம்பளக் கோடு) விதிகள் இந்தப் பிழைகளின் விலையை இன்னும் கூட்டிவிட்டன. அந்தக் கோட்டைத் தாண்டினால் இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளங்களைச் சேர்த்துக் கொடுத்து, மாற்றாக ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, ஏழு வருடம் தள்ளியிருக்கும் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு உரிமை முடக்கப்படும். 2024இல் பட்டம் வென்ற பாஸ்டன் 2025 கோடையிலேயே ஜ்ரூ ஹாலிடேவையும் போர்ஸிங்கிஸையும் விட்டுக்கொடுத்தது இதனால்தான். அதே நேரம் நியூயார்க்கில் ஜேலன் பிரன்சன், ஒரு வருடம் பொறுத்திருந்தால் ஏறத்தாழ 27 கோடி கிடைத்திருக்கும் என்ற நிலையில் 2024இல் 15.65 கோடிக்கே நீட்டிப்புப் போட்டார். அணி 2025இல் லீகின் கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போனது, 2000க்குப் பிறகு முதல் முறை. அதற்காக எல்லோரும் அப்படி விட்டுத்தர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன், அது அவர்கள் உடம்பு, அவர்கள் உழைப்பு.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஒக்லஹோமா சிட்டி. 2012இல் இதே அணி சில பத்து லட்சம் டாலர் வித்தியாசத்துக்காக ஜேம்ஸ் ஹார்டனை விட்டது, அவர் 2018இல் எம்விபி ஆனார். 2025இல் பட்டம் வென்ற கையோடு ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு 4 வருடத்துக்கு 28.5 கோடி, ஜேலன் வில்லியம்ஸுக்கும் செட் ஹோம்கிரனுக்கும் மேக்ஸ் நீட்டிப்பு என்று மூன்றையும் ஒரே மாதத்தில் கொடுத்துவிட்டார்கள். ஷேவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். மணிக்கட்டுத் தசைநார் கிழிந்த கையோடு இறுதிப் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்த வில்லியம்ஸுக்கும் யோசிக்காமல் கொடுப்பேன். ஹோம்கிரன்தான் கேள்வி: முதல் சீசன் முழுக்கக் கால் காயம், 2024-25இல் இடுப்பெலும்பு முறிந்து 32 ஆட்டம்தான். ஆனாலும் ஏழடி உயரத்தில் கூடையையும் காத்து, மூன்று புள்ளியும் போடுகிற இன்னொரு ஆளை அந்த விலைக்குத் தேடினால் கிடைக்க மாட்டார், கையெழுத்தின்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுதான். நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.